பாராலாய்டு பி-72: கடற்பல்லி எலும்புக்கு எதுவரை தாங்கும்?

உதிரும் எலும்பை இறுக்க வேண்டுமா, உடைந்த அம்மோனைட்டை (சுருள் ஓடு கொண்ட பழங்கடல் உயிரின் புதைபடிவம்) ஒட்ட வேண்டுமா, மாதிரியின் மேல் பதிவு எண் எழுத வேண்டுமா, அமிலத் தொட்டியில் இறக்குமுன் எலும்புக்குப் பூச்சு போட வேண்டுமா? புதைபடிவங்களைப் பராமரிக்கும் காப்பாட்சியர் இத்தனைக்கும் கை நீட்டுவது ஒரே ஜாடியை நோக்கித்தான். அதில் இருப்பது பாராலாய்டு பி-72. எல்லாவற்றுக்கும் ஏற்றது என்ற பெயரோடு விற்கப்படுகிறது. பெருமளவு உண்மைதான். ஆனால் குளிர் நாட்டு ஆய்வகங்களில் எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகளை வரிக்கு வரி சென்னையிலும் அரியலூரிலும் பின்பற்றினால் சில இடங்களில் காலை வாரிவிடும். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த இடங்களைப் பற்றியது.

இது எத்தில் மெத்தக்ரிலேட்டும் மெத்தில் அக்ரிலேட்டும் சேர்ந்த அக்ரிலிக் பிசின். ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. 2009-இல் அந்த நிறுவனம் டவ் வசம் போன பிறகும் பெயர் மாறவில்லை. பழைய அமெரிக்கக் குறிப்புகளில் அக்ரிலாய்டு பி-72 என்று வருவதும் இதுவே. ஜவ்வரிசி போல நிறமற்ற குறுமணிகளாக வரும். மணியாக இருக்கும்வரை மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. சில நிறுவனங்கள் கரைத்துக் குழாயில் அடைத்தும் விற்கின்றன. ஒட்டும் வேலைக்கு மட்டும் வேண்டுமென்றால் குழாய் வசதி. உதிரும் எலும்பை இறுக்கும் வேலை இருந்தால் மணியாகவே வாங்குங்கள். ஒரு கிலோ மணி 5 சதக் கரைசலாக 20 லிட்டர் தரும். சிறிய அருங்காட்சியகத்துக்கு அது சில ஆண்டுகளுக்குப் போதும்.

இதன் பெரிய பலம் ஒட்டும் சக்தி அல்ல, போட்டதை எடுக்க முடிவது. அசிட்டோன் நனைத்த பஞ்சு பட்டால் பத்து ஆண்டுக்கு முன் போட்ட பூச்சும் கரைந்து வரும். மஞ்சளாவது மிகக் குறைவு. பாதுகாப்புப் பொருள்களின் ஆயுளை வகைப்படுத்திய ராபர்ட் ஃபெல்லரின் அளவுகோலில் நூறாண்டு தாண்டும் 'ஏ' வகுப்பில் இது இருக்கிறது. புதைபடிவத் துறையில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்துச் சேகரிப்பாளர் தாமஸ் ஹாக்கின்ஸ் திரட்டிய இக்தியோசர், பிளீசியோசர் (இரண்டும் அழிந்துபோன கடற்பல்லிகள்) மாதிரிகளை 1834-இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. பிறகு பார்த்தால், பெரிய இக்தியோசர் ஒன்றில் எலும்பு என்று நினைத்த பகுதிகள் பிளாஸ்டர்! எது அசல், எது சேர்த்தது என்று பிரிக்க முடியாத வேலை மாதிரியின் அறிவியல் மதிப்பையே தின்றுவிடும். பி-72 அந்தக் கேட்டைச் செய்யாது.

கரைசல் செய்வதிலேயே பலரும் தடுமாறுகிறார்கள். மணியை ஜாடியில் கொட்டி மேலே அசிட்டோனை ஊற்றினால் அடியில் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மறுநாளும் கரைந்திருக்காது. வேண்டிய மணியை மெல்லிய மல் துணியில் தளர்வாக முடிந்து, நூல் கட்டி, ஜாடியின் மேல்பாதியில் அசிட்டோனில் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். கரைந்த பிசின் கனமாக இருப்பதால் கீழே இறங்கும், புது அசிட்டோன் முடிச்சைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். மாலையில் தொங்கவிட்டால் காலையில் துணி மட்டும் மிஞ்சும். 5 சதம் என்றால் 5 கிராம் மணி, மொத்தக் கரைசல் 100 மில்லி. ஒட்டும் பசைக்குச் சரிபாதி எடை: 50 கிராம் மணிக்கு 50 கிராம் அசிட்டோன், அதாவது சுமார் 63 மில்லி. எடையா கன அளவா என்று ஜாடி மேல் எழுதி வைக்காவிட்டால் அடுத்து வருபவர் குழம்புவார். ஜாடி கண்ணாடியாக இருக்க வேண்டும். தெர்மாகோல் குவளை, பாலிஸ்டைரீன் டப்பா எல்லாம் அசிட்டோன் பட்டதும் உருகிவிடும்.

இறுக்கும் வேலையில் அவசரம் ஆகாது. முதலில் தூசியையும் தளர்ந்த மண்ணையும் மென்தூரிகையால் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கும் சேர்த்து ஒட்டிக்கொள்ளும். ஐசோடோப்பு போன்ற வேதிச் சோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டியிருந்தால் அதைக் கரைசல் படுமுன் எடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு வெறும் அசிட்டோனைச் சொட்டவிட்டு எலும்பை நனைத்து, அது ஈரமாக இருக்கும்போதே 2 சதக் கரைசலைப் பாலித்தீன் பிப்பெட்டால் விரிசல் ஓரம், உடைந்த முகம் என உறிஞ்சும் இடங்களில் சொட்டாக விட வேண்டும். எலும்பு உறிஞ்சுவதை நிறுத்தியதும் நிறுத்துங்கள். ஒரு நாள் காயவிட்டு, தேவையென்றால் 5 சதம். நேராக 10 சதத்தில் தொடங்கினால் மேல்தோல் மட்டும் கெட்டியாகும், உள்ளே எலும்பு பழையபடி பொடியாகவே இருக்கும். பிறகு அந்தத் தோல் ஒரு ஓடாகப் பெயர்ந்து வரும்போது எலும்பின் மேற்பரப்பையும் இழுத்துக்கொண்டு வரும். இந்தப் பொருளைப் பற்றிய குறைகளில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன.

முத்துச்சிப்பிப் பளபளப்போடு கிடைக்கும் அம்மோனைட்டுக்கு இன்னும் மெல்லிய கை வேண்டும். அந்தப் பளபளப்பு அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் அடுக்கடுக்கான தகடு. காய்ந்தால் விளிம்பிலிருந்து செதில் தூக்கும். தூக்கிய செதிலின் மேல் சொட்டு விடக் கூடாது, மிதந்து நகர்ந்துவிடும். 2 அல்லது 3 சதக் கரைசலைப் பூஜ்ய எண் தூரிகையின் நுனியில் எடுத்துச் செதிலின் ஓரத்தைத் தொட்டால் போதும். நுண்குழாய் ஈர்ப்பில் கரைசல் தானாக அடியில் ஓடும். பளபளப்பு ஒரு கணம் கறுத்து மீளும். அதுதான் கரைசல் உள்ளே போனதன் அடையாளம். அரை நிமிடம் கழித்து சிலிக்கோன் பூசிய ஒட்டாத தாளை வைத்து விரல் நுனியால் மெல்ல அமர்த்த வேண்டும்.

இனி நம் ஊர்ப் பிரச்சினைகள். முதலாவது வெண்மை படிவது. அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அங்கே படிகிறது, பிசின் வெளுக்கிறது. கடலோர ஊர்களில், அதிலும் ஐப்பசி கார்த்திகையில், இது நிச்சயம் நடக்கும். மழை நாளில் ஜாடியைத் திறக்காதிருப்பது முதல் மருந்து. ஈரப்பதம் குறைத்த குளிர்சாதன அறை இரண்டாவது. அசிட்டோனோடு கொஞ்சம் எத்தனால் சேர்த்து ஆவியாவதை மெதுவாக்குவது மூன்றாவது. எத்தனால் கலந்த கரைசல் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் காய்ந்தபின் தெளிந்துவிடும். வெளுத்த இடத்தை உலர்ந்த நாளில் அசிட்டோன் பஞ்சால் ஒற்றினால் சரியாகும். டொலுவீன் இன்னும் அழகாகக் காயும். ஆனால் அதன் ஆவி நஞ்சு, உறிஞ்சுக் கூண்டு இல்லாத இடத்தில் அதன் பேச்சே வேண்டாம்.

இரண்டாவது மினுமினுப்பு. கரைப்பான் வெளியேறும்போது பிசினையும் மேற்பரப்புக்கு இழுத்து வருவதால் எலும்பு வார்னிஷ் அடித்ததுபோல் ஆகிவிடுகிறது. வெப்பம் கூடக் கூட இது மோசமாகும். கரைசல் விட்டதும் மாதிரியைப் பாலித்தீன் உறையால் மூடி, உள்ளே ஒரு சிறு கிண்ணத்தில் அசிட்டோன் வைத்து, மெதுவாகக் காயவிட்டால் பிசின் உள்ளேயே தங்கும். மிச்சமுள்ள மினுக்கை அசிட்டோன் பஞ்சால் துடைத்து எடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மூன்றாவது. இந்தப் பிசின் இளகத் தொடங்கும் வெப்பநிலை 40 டிகிரி. லண்டனில் இது ஒரு அடிக்குறிப்பு. அரியலூரில் மே மாத வெயில் நாற்பதைத் தொடுவது வழக்கமான செய்தி. பூட்டிய வேனுக்குள் வெப்பம் அதைத் தாண்டி எங்கோ போகும். உள்ளே விளக்கு எரியும் காட்சிப் பேழையும் பாதுகாப்பல்ல. மேலும் 40 என்பது முழுதும் காய்ந்த பிசினுக்கு. தடித்த ஒட்டில் அசிட்டோன் வாரக்கணக்கில் சிக்கிக் கிடக்கும், அதுவரை இளகும் புள்ளி இன்னும் கீழேதான். விளைவு, ஒட்டிய எலும்பு உடையாது, ஆனால் தன் எடையிலேயே மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தொங்கும். பூச்சு போட்ட பரப்பு லேசாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

எனவே எடை தாங்கும் இடத்தில் தனி பி-72-ஐ நம்பக் கூடாது. இக்தியோசர் முதுகெலும்பு வட்டு, மோசசர் என்ற கடற்பல்லியின் பல், சுறாப் பல், கைக்குள் அடங்கும் அம்மோனைட் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். பிளீசியோசரின் துடுப்பெலும்பு, மோசசரின் நீண்ட தாடை, நீள்கழுத்து டைனோசரான சௌரோபாடின் கால் எலும்பு என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். ஒரு வழி, அதே குடும்பத்தின் பி-48என் பிசினைக் கலப்பது. அதன் இளகும் புள்ளி 50 டிகிரி. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 2002-இல் விழுந்து நொறுங்கிய துல்லியோ லொம்பார்டோவின் ஆதாம் பளிங்குச் சிலையை ஒட்டியபோது மூன்று பங்கு பி-72, ஒரு பங்கு பி-48என் கலவையைக் கையாண்டார்கள். புதைபடிவ வேலைக்கும் அந்த விகிதம் நல்ல தொடக்கம்.

கனமான எலும்புக்கு இன்னொரு வழி எபாக்ஸி. ஆனால் நேரடியாக அல்ல. உடைந்த இரு முகங்களிலும் 10 சத பி-72-ஐப் பூசி நன்றாகக் காயவிட்டு, நடுவில் எபாக்ஸி வைக்க வேண்டும். தாங்குவது எபாக்ஸி. நாளைக்குப் பிரிக்க வேண்டியிருந்தால் ஒட்டின் ஓரத்தில் அசிட்டோனை ஊறவிட்டால் பி-72 படலம் கரைந்து விலகும், எலும்பு பழைய முகத்தோடு கையில் வரும். காப்பாட்சியர்களுக்கு இந்தப் பொருள் செய்யும் மிகப் பெரிய உபகாரம் இதுதான், விற்பனைத் தாளில் இது பெரும்பாலும் இருக்காது.

சாதாரண ஒட்டுக்கு முறை இது. இரு முகங்களிலும் 5 சதம் தடவிக் காயவிடவும். கெட்டிப் பசையை ஒரு முகத்தின் நடுவில் மட்டும் வைத்து அமர்த்தி, ஒரு முறை பிரித்து, மீண்டும் அமர்த்தவும். ஓரத்தில் பிதுங்கியதை அப்போதே துடைக்காமல் ரப்பர் பதத்துக்கு வந்ததும் கத்தி முனையால் எடுத்தால் சுத்தமாக வரும். ஒட்டிய துண்டை மணல் தட்டில் செங்குத்தாகப் புதைத்து வைக்கவும், இடையில் மெல்லிய பாலித்தீன் தாள் இருக்கட்டும். எடை ஒட்டின் மேல் நேராக இறங்க வேண்டும், பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. சில நிமிடத்தில் பிடிக்கும், ஒரு வாரம் தொடாதீர்கள். கோடையில் பசைக்குள் குமிழி வந்தால் காரணம் அசிட்டோன், அதன் கொதிநிலை 56 டிகிரிதான். அறையைக் குளிர்வித்துச் செய்வதே தீர்வு. பசை நூலாக இழுபட்டு எலும்பெல்லாம் சிலந்தி வலையானால் துளி எத்தனால் சேருங்கள். துளி ஃபியூம்டு சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்காப் பொடி) சேர்த்தால் வழியாமல் நிற்கும். காப்பாட்சியர் ஸ்டீபன் கூப் 1986-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு பரவிய முறை அது.

களத்தில் இதன் மதிப்பெண் சுமார்தான். பெரம்பலூர் மாவட்டம் காரையின் களிமண் பூமியில் இக்தியோசர் பல்லும் முதுகெலும்பும் கிடைத்திருக்கின்றன. அந்தக் களிமண்ணும் சேர்ந்த ஊட்டத்தூர் படிவத் தொகுதியிலிருந்து வந்த முதுகெலும்புகளை வைத்தே 1879-இல் தொல்லுயிர் ஆய்வாளர் ரிச்சர்ட் லிடெக்கர் இக்தியோசரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். அந்தக் களிமண் ஈரமாக இருக்கும்போது பி-72 போட்டால் தண்ணீர் பட்டுப் பால்போல் திரிந்துவிடும், எலும்புக்குள் இறங்காது. ஈர எலும்புக்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எமல்ஷனே சரி. பி-72 வேண்டுமென்றால் எலும்பை நிழலில் மெல்ல உலரவிட்ட பிறகுதான். களத்தில் இறுக்குவது எவ்வளவு அவசியம் என்பதற்கு அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடே சாட்சி. அங்கே கிடைத்த புருகத்காயோசரஸ் என்ற ராட்சத டைனோசரின் பேரெலும்புகள் உதிர்ந்துபோய் இன்று இல்லை. படங்களை வைத்துத்தான் விவாதம் நடக்கிறது.

அமிலத் தயாரிப்பில் பி-72 நன்றாகவே உழைக்கிறது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் எலும்பை 5 முதல் 10 சத அசிட்டிக் அமிலத்தில் வெளிக்கொண்டு வரும் முறை அது. எலும்பின் பாஸ்பேட் கரையாமலிருக்க அமிலத்தில் கால்சியம் ஆர்த்தோபாஸ்பேட் சேர்ப்பார்கள். வெளியே தெரியும் எலும்புக்கெல்லாம் பூச்சு, தொட்டியில் இறக்கு, எடு, அமிலத்தில் இருந்ததைப் போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் தண்ணீரில் அலசு, காயவிடு, புதிதாகத் தெரியும் எலும்புக்கு மீண்டும் பூச்சு. அலசுவதில் கஞ்சம் பிடித்தால் எலும்புக்குள் தங்கும் கால்சியம் அசிடேட் காயும்போது படிகமாகிப் பூச்சைத் தூக்கி எறியும். பூச்சைக் குறை சொல்வார்கள், குற்றம் அலசலில். அம்மோனைட்டை மட்டும் மறந்தும் இந்தத் தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். அதன் ஓடே சுண்ணாம்பு.

பதிவு எண் எழுத 20 சதக் கரைசலில் ஒரு சிறு பட்டை, காய்ந்ததும் நிறமி மையால் எண், மேலே காப்புப் பூச்சு. மேல்பூச்சும் அசிட்டோனில் கரைத்த பி-72 என்றால் தூரிகை பட்டதும் அடிப்பட்டை கரைந்து எண் இழுவிவிடும். மேலே டர்பன்டைன் மாற்றாக விற்கும் மினரல் ஸ்பிரிட்டில் கரையும் பாராலாய்டு பி-67 போடுவதே வழக்கம்.

இது செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். கடலடிச் சேற்றுப் பாறைகளிலிருந்து வரும் மாதிரிகளில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமம் இருக்கும். ஈரப்பதம் 60 சதத்தைத் தாண்டினால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமும் இரும்பு சல்பேட்டும் ஆகிறது. இழுப்பறையைத் திறந்ததும் கந்தக நெடி, அட்டைப் பெட்டியில் கருகிய கறை, எலும்பில் வெளிர்மஞ்சள் பொடி ஆகியவை அறிகுறிகள். பி-72 பூச்சு ஈரத்தையும் காற்றையும் தடுக்காது. நோயை மூடி மறைக்கும், உள்ளே அரிப்பு தொடரும். அமோனியா ஆவி சிகிச்சையும் சிலிக்கா ஜெல் போட்ட உலர்ந்த பெட்டியும்தான் மருந்து. அதேபோல் மரப் பீரோவின் அசிட்டிக் அமில ஆவி சிப்பிகளில் வெண்பூவாகப் பூப்பதையும் இது நிறுத்தாது. பீரோவை மாற்ற வேண்டும்.

பழைய சேகரிப்பில் கை வைக்குமுன் இன்னொரு எச்சரிக்கை. முன்னோர் போட்ட பசை செல்லுலோஸ் நைட்ரேட்டோ பாலிவினைல் அசிடேட்டோ என்றால் உங்கள் அசிட்டோன் அதையும் கரைக்கும். எலும்பை இறுக்கப் போய் நூறாண்டு ஒட்டுகள் மேசையில் பிரிந்து கிடக்கும். மறைவான இடத்தில் முதலில் அசிட்டோன் பஞ்சு, பிறகு எத்தனால், பிறகு வெதுவெதுப்பான நீர் என்று தொட்டுப் பாருங்கள். எத்தனாலில் இளகினால் பெரும்பாலும் அரக்கு, நீரில் இளகினால் வச்சிரம், அதாவது விலங்குப் பசை. மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கப் பகுதியிலிருந்து சந்தைக்கு வரும் மோசசர் தாடைகளுக்கும் இந்தச் சோதனை உதவும். பல் அசலாக இருக்கும், தாடை மணலும் பசையுமாகக் கையில் ஒட்டும்.

மாற்றுகளில் சூப்பர் குளூ வேகமானது, எலும்புக்குள் நன்றாக ஓடும். ஆனால் பிறகு எடுப்பது பெரும்பாடு, நாளாக நொறுங்கவும் செய்யும். களத்தில் நூற்றுக்கணக்கான துகளாகச் சிதறும் பல்லுக்கு மன்னிக்கலாம், அருங்காட்சியகத்தில் வழக்கமாக்கக் கூடாது. ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை மரத்துக்கு. பாலிவினைல் பியூட்டிரல் பிசினான பியூட்வார் பி-76 நல்ல போட்டியாளர். எத்தனாலிலும் கரையும், சூட்டில் பி-72-ஐவிடத் தாக்குப்பிடிக்கும். குளிர்சாதனம் இல்லாத கிடங்கில் எலும்பை இறுக்க மட்டும் என்றால் அதை முதலில் பார்க்கலாம்.

அசிட்டோன் சீக்கிரம் தீப்பற்றும், சுற்றிலும் சுடரோ பொறி வரும் ஸ்விட்சோ இருக்கக் கூடாது. மருத்துவக் கடை நைட்ரைல் கையுறையை அது சில நிமிடத்தில் ஊடுருவிவிடும், பியூட்டைல் ரப்பர் கையுறை வாங்குங்கள். மணி இந்தியாவில் எல்லாக் கடையிலும் கிடைக்காது, பாதுகாப்புப் பொருள் விற்பவரிடம் கேட்டு வரவழைக்க வேண்டும். வரும் பொட்டலத்தில் பி-72 என்ற எண்ணைச் சரிபாருங்கள். பாராலாய்டு என்ற பெயரில் பி-44, பி-48என், பி-67 எல்லாம் ஒரே தோற்றத்தில் வரும், கண்ணால் பிரித்தறிய முடியாது. வேலை முடிந்ததும் எந்தப் பிசின், எத்தனை சதம், எந்தக் கரைப்பான், எந்தத் தேதி, எலும்பின் எந்தப் பகுதி என்பதை மாதிரி அட்டையில் எழுதிவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து அதைக் கழற்ற வேண்டியவர் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.